ஜாமீன் கிடைத்தும் உள்ளே

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை. வகுப்பு முடிந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். முதுகலைக் குற்றவியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் வாசலில் வந்து நின்றார். சிறையில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்தில் களப்பயிற்சிக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். கையில் மடித்த ஒரு தாள்.

"சார், ஒருத்தருக்கு ஜாமீன் கிடைச்சு நாப்பத்தோரு நாளாச்சு. இன்னும் உள்ளேதான் இருக்கார். இது நம்ம எந்தப் பாடத்துல வரும் சார்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். வயது 22. தண்ணீர் மோட்டார் திருடியதாக வழக்கு. முன்வழக்கு எதுவும் இல்லை. இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும், அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிபந்தனை. அப்பா இல்லை. அம்மா வெளிமாவட்டத்தில் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட ஊரில் ஒருவரும் இல்லை. விஷயம் அவ்வளவுதான். திருடினாரா இல்லையா என்பதை இன்னும் யாரும் விசாரிக்கவே இல்லை.

குற்றவியல் படிக்கிறேன் என்று எங்கள் பிள்ளைகள் சொன்னால், "போலீஸ் ஆகப் போறியா?" என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். தவறில்லை. சப் இன்ஸ்பெக்டர் தேர்வை நினைத்துச் சேருகிறவர்கள் நிறையப் பேர். தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்களும் உண்டு. இந்தியாவில் 1959இல் மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் தடய அறிவியலும் பாடமாகத் தொடங்கின. இன்று சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறைகள் இருக்கின்றன. இருந்தும் இந்தப் படிப்பு எதற்கு என்று ஊருக்கு நாங்கள் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. அந்த மாணவி கேட்ட கேள்விதான் இதன் உயிர் என்று நான் நம்புகிறேன்.

மறுநாள் அந்தத் தாளையே பாடமாக எடுத்துக்கொண்டேன். முதலில் மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் அவர். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகும், மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். சகோதரர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த ஏழையைச் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். என் மாணவர்கள் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே கதை ஒரு பயிற்சி மாணவியின் தாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து எண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் குற்றம் நிரூபிக்கப்படாமலே உள்ளே இருந்தார்கள். பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். வகுப்பில் சத்தமே இல்லை.

பிறகு வழி. ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளியே போகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு மாதத்திற்குள் பிணை கொடுக்க முடியாமல் போனால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உத்தரவு இருக்கிறது. யாராவது நாட்களை எண்ணினால்தான் அது நடக்கும். அந்த மாணவி எண்ணினார். ஆணைக்குழுவின் வழக்கறிஞர் மனுப் போட்டார். அம்மாவின் ஒற்றைப் பிணையை நீதிமன்றம் ஏற்றது. பத்தாம் நாள் அந்த இளைஞர் வெளியே வந்தார்.

எங்கள் துறைக்கு ஒரு பழைய கறையும் உண்டு. அதையும் மறைக்காமல் நடத்துகிறேன். 1876இல் இத்தாலிய மருத்துவர் லாம்ப்ரோசோ, மண்டை ஓட்டையும் தாடையையும் பார்த்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். அவருக்கு ஐந்தாண்டு முன்பே, 1871இல், வெள்ளையர் அரசு இங்கே குற்றப் பழங்குடியினர் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். திருடினாலும் திருடாவிட்டாலும், அந்தச் சட்டம் குறித்த சாதியில் பிறந்தவன் ரேகை வைக்க வேண்டும். மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

இதை நடத்தும்போது, பெருங்காமநல்லூர் இருக்கும் உசிலம்பட்டிப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்தார். "அந்தச் சட்டத்தால எங்க தாத்தாவோட அப்பா ராத்திரியில ஸ்டேஷன்லதான் படுக்கணும்னு சொல்லுவாங்க சார்" என்றார். எந்த நூலும் அன்றைக்கு அவரைவிட நன்றாகப் பாடம் நடத்தியிருக்க முடியாது.

பிறப்பை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று எழுதிய காலம் போய்விட்டது. ஆனால் தெருவை வைத்து, சட்டையை வைத்து, பழைய வழக்கை வைத்து முடிவு கட்டும் பழக்கம் போகவில்லை. அந்தப் பழக்கத்தை உடைக்கும் இடம் வகுப்பறை. காவல் நிலையத்தில் எழுத்தர் நாற்காலியிலும், சிறை வாசலிலும், நன்னடத்தை அலுவலர் மேசையிலும் நாளை உட்காரப் போகிறவர்கள் அங்கேதான் இப்போது இருக்கிறார்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி மட்டுமே என்றால், நாங்கள் நடத்தியது வீண்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகளோ மகனோ குற்றவியல் படிக்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். வேலை கிடைக்குமா என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. கூடவே, சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் களப்பயிற்சிக்கு அழைத்துப் போவார்களா என்றும் கல்லூரியில் கேளுங்கள். சிறை வாசலை மிதிக்காமல் இந்தப் பட்டம் வாங்கக் கூடாது.

அந்த மாணவி இப்போது சப் இன்ஸ்பெக்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் தேர்ச்சி பெற வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் காவல் நிலையங்களுக்கு நிறையப் பேர் வேண்டும்.