வலி போனால் கல் போனதாக அர்த்தமா?

"வலி நின்னுடுச்சு டாக்டர், இனிமே எதுக்கு ஸ்கேன்? காசுக்குத் தண்டம்தானே?"

கல்லடைப்புக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சித்த வைத்தியர் என்றால் 'நாடி பார்த்தாலே போதும்' என்பார் என்று நினைக்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. ஏன் தெரியுமா?

சிறுநீரின் நிறம், மணம், நுரை பார்ப்பது நீர்க்குறி. அதில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைக் கவனிப்பது நெய்க்குறி. தேரையர் பெயரால் வழங்கும் இந்த முறைகளைக் கல்லூரியில் முறையாகப் படித்தவன் நான். இன்றும் மதிக்கிறேன். ஆனால் கல் எத்தனை மில்லிமீட்டர், எங்கே அடைத்திருக்கிறது, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதை எண்ணெய்ச் சொட்டு சொல்லாது. ஸ்கேன்தான் சொல்லும்.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டுக்குக் கிடைக்கிற 'கல்லைக் கரைத்த' பெருமை பல சமயம் அப்படி வந்ததுதான்! பெரிய கல் சிறுநீர்க்குழாயை அடைத்துக்கொண்டால் கதையே வேறு. வலி அடங்கிவிடலாம், அடைப்பு அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் நீர் தேங்கினால் அந்தச் சிறுநீரகம் நிரந்தரமாகவே கெட்டுப்போகலாம். மற்றொன்று ஈடுகொடுப்பதால், ரத்தத்தில் கிரியேட்டினின்கூட நார்மலாகவே காட்டக்கூடும்.

சரி, எந்த ஸ்கேன்? முதலில் அல்ட்ராசவுண்ட். ஒலி அலையால் எடுப்பது, கதிர்வீச்சு கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் எடுக்கலாம். தண்ணீர் குடித்து, மூத்திரப்பை நிரம்பியிருக்கும்போது எடுக்க வேண்டும். ஆனால் குழாயின் நடுவில் உள்ள கல்லைக் குடல் வாயு மறைத்துவிடுவது உண்டு. அப்போது சி.டி. ஸ்கேன் தேவைப்படும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் இதில் தெரிந்துவிடும். கல்லைப் பார்க்க மட்டும் என்றால் மருந்து ஊசி போடத் தேவையில்லை. வேறு காரணத்துக்காக ஊசி போட்டு எடுப்பதானால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் முதலில் கிரியேட்டினின் பார்த்துவிடுவது நல்லது.

அதற்காகச் சும்மா சும்மா சி.டி. எடுக்காதீர்கள். அதில் கதிர்வீச்சு உண்டு. பழைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்து காட்டினாலே பாதிச் செலவு மிச்சம்.

இரண்டு விஷயங்களில் மட்டும் தாமதமே கூடாது. இடுப்பு வலியோடு குளிர் காய்ச்சல் வந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால் 'உடம்புச் சூடு' என்று இளநீர் குடித்துச் சமாளிக்காதீர்கள். அது புற்றாகவும் இருக்கலாம்.

இப்படி எழுதுவது சக வைத்தியர்கள் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை. மருந்து எந்த முறையாகவும் இருக்கட்டும். ஆரம்பிக்கும் முன் ஒரு ஸ்கேன், முடிந்ததும் ஒரு ஸ்கேன். வைத்தியர் கேட்காவிட்டால், அவர் சித்த வைத்தியரே ஆனாலும், நீங்களாகக் கேட்டு வாங்குங்கள்.