மணியோசையும் மறதி நோயும்

கும்பகோணத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். 74 வயதான அவருடைய மாமியாருக்கு அல்சைமர் என்னும் மறதி நோய். பெற்ற மகனையே, "நீ யார் வீட்டுப் பிள்ளை, தம்பி?" என்று கேட்கிறாராம். இதைக் கண்ட தெருவாசி ஒருவர், "வெளிநாட்டில் ஒலியாலும் ஒளியாலும் இந்நோயைக் குணமாக்கிவிட்டார்கள். நம் முன்னோர் மணியும் தீபமும் வைத்தது அதற்காகத்தான். மாத்திரையை நிறுத்திவிட்டு வேளைக்கு ஒருமுறை மணியடியுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். செய்யலாமா என்று கேட்கிறார் அந்த மருமகள்.

மாத்திரையை நிறுத்த வேண்டாம், அம்மா. இதைச் சொல்லிவிட்டே மேலே செல்கிறேன். இந்நோய்க்குத் தரப்படும் மாத்திரைகள் நோயை வேரறுப்பவை அல்லதான். ஆயினும் மருத்துவரைக் கேளாமல் சட்டென்று நிறுத்தினால், எஞ்சியிருக்கும் தெளிவும் குன்றக்கூடும்.

தெருவாசி சொன்ன செய்தி முற்றும் பொய்யன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் லி-ஹுவெய் ட்சாய் என்ற அம்மையாரின் குழுவினர், வினாடிக்கு 40 முறை மினுக்கும் ஒளியை எலிகளுக்கு ஒரு மணி நேரம் காட்டினர். இந்நோயில் மூளைக்குள் கசடுபோல் படியும் பீட்டா அமிலாய்டு என்னும் புரதம், எலிகளின் மூளையில் பார்வைக்குரிய பகுதியில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2016-இல் வெளியான இம்முடிவு உலகையே வியக்கவைத்தது. ஆனால், குறைந்த புரதம் ஒரு நாளுக்குள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது என்பதையும் அதே குழுவினர் எழுதியிருந்தனர். 2019-இல் ஒளியோடு ஒலியையும் சேர்த்தார்கள். அப்போது மூளையின் வேறு பகுதிகளிலும் பயன் தெரிந்தது.

மனிதரிடத்தில்? நோயின் தொடக்க நிலையில் இருந்த 15 பேரைக் கொண்டு நடத்திய சிறு சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. நாளுக்கு ஒரு மணி நேரம், 3 மாதம், அவரவர் வீட்டிலேயே சிகிச்சை. உண்மையான ஒளி ஒலியைப் பெற்றவர்களிடம் மூளை சுருங்குவது குறைவாக இருந்தது. முகத்தோடு பெயரைப் பொருத்தி நினைவுகூர்வதிலும் அவர்கள் சற்றுத் தேறினர். மகிழ்ச்சிதான். எனினும் 15 பேர் என்பது நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பந்திக்கும் போதாத எண்ணிக்கை. 2023-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தார், அதே ஒளியை எலிகளிடம் செலுத்திப் பார்த்தும் புரதம் குறையவில்லை என்று அறிவித்தனர். ஆக, இது இன்னும் ஆராய்ச்சிதான், மருத்துவமாகவில்லை.

ஆலயமணியின் நாதமோ நீண்டு ஒலித்து மெல்லத் தேய்வது. வினாடிக்கு 40 முறை அறுந்து அறுந்து ஒலிப்பதன்று. அகல்விளக்கின் சுடரும் அவ்வாறு மினுக்குவதில்லை. பகவானை அழைக்க வைத்த மணிக்கு இல்லாத வேலையைச் சுமத்துவதால் அதற்குப் பெருமை சேராது. மினுக்கும் விளக்கு என்று எதையேனும் விற்கக் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். வலிப்பு வரும் இயல்புள்ளவர்களுக்கு அது தீங்கு செய்யும்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒன்றுதான் என்னை நிறுத்தியது. மாலையில் விளக்கேற்றிச் சஷ்டி கவசம் சொல்லத் தொடங்கினால், மாமியார் அடுத்த அடியைத் தாமே எடுத்துக் கொடுக்கிறாராமே! இதற்குக் காரணம் தேடியவர்களும் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நெடுநாள் பழகிய இசையைத் தாங்கும் மூளைப் பகுதிகள் இந்நோயில் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே சிதைகின்றன. மகனின் பெயர் அகன்ற பிறகும் பாட்டு தங்கியிருப்பது அதனால்தான் போலும். பாடுவதால் நோய் நீங்காது. ஆனால் அந்தக் கால்மணி நேரம் அவர் உங்களோடு இருக்கிறார். மகனையும் அருகில் அமர்ந்து பாடச் சொல்லுங்கள், "நான் யார் தெரிகிறதா?" என்று மட்டும் சோதிக்க வேண்டாம்.

கோயிலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். பிரதோஷக் கூட்டம் வேண்டாம். நடை திறந்த சற்று நேரத்தில், பிராகாரம் வெறிச்சென்று இருக்கும்போது போங்கள். வீட்டுத் தொலைபேசி எண்ணைத் துணியில் எழுதி, முந்தானையின் உட்புறம் தைத்துவிடுங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, இரவில் எத்தனை முறை விழித்தெழுகிறார் என்பதைச் சொல்லுங்கள். நீங்கள் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அம்மா. நான்கு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.