நூலகத்தில் விளையாட்டுக்கும் இடம் வேண்டும்

பள்ளிக்கூடத்து நூலகம் என்றதும் பெற்றோர் பலருடைய நினைவுக்கு வருவது ஒரு பூட்டிய அலமாரிதான். சாவி தலைமை ஆசிரியரின் மேஜையில் இருக்கும். புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ யார் பதில் சொல்வது என்ற பயத்தில் ஆசிரியர் அதைத் திறக்கமாட்டார். திறக்காத அலமாரியைப் பிள்ளைகளும் தேடிப் போகமாட்டார்கள். அப்படிப்பட்ட நூலகத்தில் புதிர் அட்டைகளையும் எண் விளையாட்டுகளையும் வைக்க வேண்டும் என்றால், "படிக்க அனுப்பினால் விளையாட விடுகிறார்களே" என்று உழைத்துக் களைத்த பெற்றோர் கேட்பது இயற்கையே. அந்தக் கேள்விக்குத் தகுந்த பதில் உண்டு.

முதலாவதாக, இது யாரோ சிலருடைய ஆசை மட்டும் அல்ல. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்றும், அதில் பத்திரிகைகளும் கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாட நூல்களும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதே அட்டவணையின் அடுத்த வரியிலேயே, ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்கள் தரப்பட வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், கணிதச் சிந்தனை வளரப் புதிர்களையும் விளையாட்டுகளையும் இடைவிடாது பயன்படுத்தும்படி சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற அம்சங்களில் எத்தனையோ கருத்து வேற்றுமைகள் உண்டு. இந்த ஒன்றில் வேற்றுமைக்கு இடமில்லை. மாநகராட்சிப் பள்ளிகளுக்கு நூலகம் சட்டக் கடமை. தமிழர் அமைப்புகள் நடத்தும் பள்ளிகளுக்குச் சட்டம் எப்படியிருந்தாலும், பிள்ளைகளுக்குச் செய்யவேண்டிய கடமை அதனால் குறைந்துவிடாது.

இரண்டாவதாக, புதிர் என்பது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. துண்டு துண்டாக வெட்டிய படத்தை ஒன்றுசேர்க்கும் விளையாட்டு இன்று கடைகளில் விற்கிறது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப் படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து விற்றார். பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்கவே அது செய்யப்பட்டது. இந்தியப் படத்தை மாநிலம் மாநிலமாக வெட்டிக் கொடுத்தால், மகாராஷ்டிரத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் வழியில் எந்தெந்த மாநிலங்கள் குறுக்கிடுகின்றன என்பதை ஒரு சிறுவன் மனப்பாடம் செய்யாமலே அறிந்துகொள்வான். கோடை விடுமுறையில் ஊருக்கு ரயிலில் போகும்போது அந்த அட்டை அவன் கண்முன் விரியும்.

எண் புதிரை எடுத்துக்கொள்வோருக்கு இன்னும் அதிக லாபம். ஒன்பது கட்டங்களில் 1 முதல் 9 வரையுள்ள எண்களை, எப்படிக் கூட்டினாலும் 15 வரும்படி நிரப்ப வேண்டும். பிள்ளை முதலில் கண்டபடி போட்டுப் பார்க்கும், அழிக்கும், மறுபடி போடும். பிறகு யோசிக்கத் தொடங்கும். ஒன்பது எண்களின் மொத்தம் 45, வரிசைகள் மூன்று, ஆகவே ஒரு வரிசைக்கு 15. நடுக்கட்டத்தின் வழியே நான்கு கோடுகள் போகின்றன. அவற்றின் மொத்தம் 60. அதில் மற்ற எண்கள் ஒருமுறையும் நடு எண் நான்கு முறையும் வருகின்றன. 60-இல் 45 போனால் மீதி 15. அது நடு எண்ணின் மூன்று மடங்கு. எனவே நடுவில் 5 தவிர வேறு எண் நிற்க முடியாது! ஆசிரியர் சொல்லித் தந்திருந்தால் மறுநாளே மறந்துபோகும். தானே கண்டுபிடித்தது மறக்காது. இதைவிடப் பெரிய சதுரம் ஒன்று கஜுராஹோவின் பார்சுவநாதர் ஆலயத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. பதினாறு கட்டங்கள், எந்த வரிசையைக் கூட்டினாலும் 34. நம் முன்னோர் கணக்கைக் கோவில் சுவரிலும் எழுதி வைத்தார்கள் என்பதை அப்போது பிள்ளை தெரிந்துகொள்ளும்.

தமிழருக்குப் புதிர் புதிய சரக்கு அல்ல. தொல்காப்பியம் 'பிசி' என்ற பெயரில் விடுகதையை ஓர் இலக்கிய வகையாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது. பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழி எண்ணிக்கையைக் கற்பித்தது. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் ஆடுபுலி ஆட்டம், பலவீனர் ஒன்றுபட்டு நின்றால் பலசாலியை மடக்கலாம் என்று திண்ணையிலேயே கற்பித்தது. திண்ணை இல்லாத மும்பைச் சால் வீடுகளிலும் குடிசைப் பகுதிகளிலும் அந்த வேலையைப் பள்ளி நூலகம்தான் ஏற்க வேண்டும்.

நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் என்ன உறவு என்று கேட்போர், நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதனின் வரலாற்றை நினைவுகூர்வது நல்லது. 1892-இல் சீர்காழியில் பிறந்த அந்தத் தமிழர் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். அந்த ஆண்டே பயிற்சிக்காக லண்டன் சென்றபோது, ஒரு கடையில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட தகடுகளையும் கம்பிகளையும் திருகுகளையும் வெவ்வேறு விதமாகப் பூட்டினால் வெவ்வேறு பொருள்கள் உருவாயின. நூல்களின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்த்து வகைப்படுத்தலாமே என்ற எண்ணம் அவருக்கு அங்கே பிறந்தது. 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுதான். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் உலக நூலகங்களுக்கே ஒரு முறையைத் தந்திருக்கும்போது, நூலகத்துக்குள் அதற்கு இடமில்லை என்று சொல்வது பொருந்துமா? நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான் அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதி. பூட்டிய அலமாரி அந்த விதிக்கு நேர் விரோதம்.

மும்பைத் தமிழருக்கு இதில் தனி அக்கறை வேண்டும். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. போராடிப் பெற்ற வசதி அது. ஆனால் தமிழ்வழி வகுப்புகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டது. ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாது. தெருவில் இந்தி, அரசு அலுவலகத்தில் மராத்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளையிடம் 'தமிழைப் படி' என்று அதட்டினால் கசப்புத்தான் மிஞ்சும். அதே பிள்ளையிடம் ஒரு குறுக்கெழுத்துக் கட்டத்தை நீட்டினால், விடுபட்ட எழுத்தைத் தானே தேடும்.

மராத்தியிலும் ளகரம் இருப்பதால் 'அலை'க்கும் 'அளை'க்கும் உள்ள வேற்றுமை இங்குள்ள பிள்ளைகளின் காதுக்குப் பழக்கமானதே. 'அழை' வரும்போதுதான் தடுமாறுகிறார்கள். 'அரம்', 'அறம்', 'பனி', 'பணி' என்று சொற்களை ஒரு கட்டு அட்டையிலும் அவற்றுக்கான படங்களையோ பொருளையோ இன்னொரு கட்டிலும் எழுதி ஜோடி சேர்க்கச் சொன்னால், பத்து நாள் எழுத்துப் பயிற்சி தராததை அரை மணி விளையாட்டு தந்துவிடும். விடுகதைகளையும் பிள்ளைகளே கட்டலாம். "மாதம் ஒன்று ஆயுசு; சட்டைப்பையில் வாசம்; கேட்டால்தான் வெளியே வருவான்; அவன் யார்?" என்று கேட்டால், தந்தையின் லோக்கல் ரயில் பாஸை எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

பணத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. பெரிய தொகை எதுவும் தேவையில்லை. பழைய காலண்டர் அட்டை, கத்தரிக்கோல், பசை, புளியங்கொட்டை, சோழி இருந்தால் பத்துப் பிள்ளைகள் உட்காரும் ஒரு மேஜை தயார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் 1935-இல், பொருளாதார மந்தம் மக்களை வாட்டிய காலத்தில்தான், ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்களைப் புத்தகம்போல் இரவல் தரும் திட்டம் தொடங்கியது. வசதி வந்த பிறகு செய்யலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆனால் எச்சரிக்கையும் அவசியம். பொருள்களை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு மீண்டும் அலமாரியில் பூட்டுவதானால் அதைச் செய்யாமலிருப்பதே மேல். வாரம் ஒரு பாடவேளை நூலகத்துக்கென ஒதுக்கப்பட வேண்டும். பரீட்சை நெருங்குகிறது என்று அதைக் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. முதலில் விடை சொன்னவனுக்குப் பரிசு என்று ஆரம்பித்தால், மெதுவாக யோசிக்கும் பிள்ளை ஒதுங்கிவிடும். இருவர் மூவராகச் சேர்ந்து விடை காணச் செய்வதே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிர் புத்தகத்தில் போய் முடிய வேண்டும். விடை எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடும்படி கேள்வி அமைந்தால்தான் நூலகத்தில் அதற்கு வேலை. இல்லாவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கே. செல்போன் விளையாட்டும் இதுவும் ஒன்றுதானே என்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்போன் பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கிறது. மேஜைப் புதிர் நாலு பேரோடு பேச வைக்கிறது. பேச்சு இல்லாமல் மொழி இல்லை.

பள்ளி நிர்வாகிகள் மேஜையும் நேரமும் தரட்டும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுவிழாச் செலவில் ஒரு சிறு பகுதியை அட்டைகளுக்கும் கதைப் புத்தகங்களுக்கும் ஒதுக்கட்டும். கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கு எண் புதிர் கட்டுவது கஷ்டமல்ல. ஆலைத் தொழிலாளிக்கும் ஊரில் கேட்ட விடுகதைகள் பத்தாவது நினைவிருக்கும். மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் அவர்கள் பள்ளிக்கு வந்தால் போதும். ரங்கநாதன் பிறந்த ஆகஸ்ட் 12-ஆம் தேதி நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அடுத்த முறை அந்த நாள் வரும்போது மேடையும் மாலையும் தேவையில்லை. ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியிலும் அந்த அலமாரியின் பூட்டு திறந்திருந்தால் அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.