நள்ளிரவில் விழிக்கும் நாலு மாதக் குழந்தை

நாலு மாதம் வரை சமர்த்தாகத் தூங்கிய குழந்தை, ஒரு நாள் திடீரென்று இரவில் நாலைந்து தடவை விழித்துக்கொண்டு வீரிடுகிறது. அன்று முதல் அந்த வீட்டில் வைத்தியர்களுக்குக் குறைவே இல்லை! வானூர்ப் பக்கம் எந்தக் கிராமத்திலும் இதைக் காணலாம். "கண் பட்டிருக்கிறது, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு" என்பாள் பாட்டி. "உரம் விழுந்திருக்கிறது, புடவையில் போட்டு உருட்டு" என்பாள் அண்டை வீட்டுக்காரி. "உனக்குப் பால் பற்றவில்லை, புட்டிப்பால் கொடு" என்று தீர்ப்பே கூறிவிடுவாள் மாமியார். இரவெல்லாம் கண் விழித்த தாய், காலையில் குற்றவாளியாக நிற்கிறாள்.

உண்மையில் இது நோயும் அல்ல. தாயின் குற்றமும் அல்ல. மூன்று, நான்கு மாதங்களில் குழந்தையின் மூளை வளர, அதன் தூக்கமும் பெரியவர்களின் தூக்கத்தைப்போல் பல படிகள் கொண்டதாக மாறுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கொரு முறை தூக்கம் மேலோட்டமாகி, குழந்தை அரை விழிப்புக்கு வருகிறது. நாமும் இரவில் அப்படித்தான் விழிக்கிறோம்; புரண்டு படுத்து உறங்கிவிடுகிறோம். அந்த வித்தை குழந்தைக்கு இன்னும் கைவரவில்லை. இதற்குத் 'தூக்கப் பின்னடைவு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர்தான் பொருந்தவில்லை. இது வளர்ச்சியின் அடையாளம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

ஆகவே மருந்து தேட வேண்டியதில்லை. உரம் எடுப்பதாகச் சொல்லிப் பிஞ்சு உடம்பை உருட்டுவது ஆபத்து. தூங்க வைப்பதற்காக வசம்பு உரைத்து ஊற்றுவதும், கடையில் சளி மருந்து வாங்கிக் கொடுப்பதும் கூடவே கூடாது. தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துக் கலவை ஒன்றை, நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் உத்தரவிட்டது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலே போதும். இராக் கவலையில் புட்டியைத் தொட்டால், தாய்ப்பால் சுரப்பதும் குறையும்.

செய்ய வேண்டியவை எளியவை. பகலில் வெளிச்சமும் பேச்சும் இருக்கட்டும். இரவில் விளக்கைத் தணித்து, கொஞ்சிப் பேசாமல் பால் கொடுங்கள். முனகியவுடன் தூக்காமல் ஓரிரு நிமிஷம் பொறுங்கள். சில வேளை குழந்தை தானே உறங்கிவிடும். கண் செருகும்போதே மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஆனால் காய்ச்சல் கண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு போனாலோ, ஓயாமல் அழுதாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதப் பிரசவ விடுப்பு உண்டு. வானூர் வட்டாரத்தில் முந்திரித் தோப்புக்கும் வயலுக்கும் கூலிக்குப் போகிறவளுக்கு அப்படி ஒரு விடுப்பு ஏது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் சர்க்கார் பணம் கொடுக்கலாம். தூக்கத்தைக் கொடுக்க முடியுமா? அதை வீட்டார்தான் கொடுக்க வேண்டும்.

குழந்தையின் அழுகை தெருக்கோடி வரை கேட்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் தகப்பனாருக்கு மட்டும் கேட்பதில்லை! "காலையில் வேலைக்குப் போக வேண்டும்" என்கிறார். அவளுக்கு மட்டும் காலையில் வேலை இல்லையா? இரவை இரண்டாகப் பங்கு போடுங்கள். முன்னிரவில் பால் குடித்த குழந்தையை ஏப்பம் விடச் செய்து, படுக்க வைக்கும் பொறுப்பு அவருடையது என்று வையுங்கள். மாமியார் பகலில் இரண்டு மணி நேரம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், மருமகள் கண்ணயர்வாள்.

பாலைத் தாய் கொடுக்கட்டும். தோளை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாமே!