ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்கலாமா?



கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். "அதை அணைச்சுட்டுப் படுடா" என்பார் அம்மா. "அடிக்கடி ஆஃப் பண்ணா கெட்டுப்போயிடும்மா" என்பான் பையன். அம்மாவுக்குக் கரன்ட் பில் கவலை. பையனுக்கு மெஷின் மேல் அக்கறை. யார் சொல்வது சரி?

அம்மா சொல்வதுதான் சரி. டெஸ்க்டாப் என்றால் ராத்திரி ஷட் டவுன் செய்துவிடுங்கள். லேப்டாப் விஷயம் கொஞ்சம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் பையனின் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் மின்சாரம் நின்றதும், தகவலைப் படிக்கும் முனை தட்டின் மேலேயே இறங்கி உட்காரும். மறுபடி ஆன் செய்யும்போது உரசிக்கொண்டுதான் கிளம்பும். அதனால் தேயும் என்று சொன்னார்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி போர்டில் இருக்கும் இணைப்புகள் விட்டுப்போகும் என்றும் சொன்னார்கள். கம்ப்யூட்டர் விலை எட்டாத உயரத்தில் இருந்த காலம் அது. பயப்படாமல் என்ன செய்வார்கள்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயம் நிற்காது. வீட்டு உபயோகத்துக்கான ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றுக்கு அப்போதே 50,000 தடவை நின்று கிளம்பும் தாக்குப்பிடிப்பு சொல்லப்பட்டிருந்தது. தினம் ஒரு தடவை அணைத்தால் அந்த எண்ணிக்கை தீர நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். பின்னால் வந்த டிஸ்க்குகளில் முனை தட்டைத் தொடாமல் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. இப்போதைய எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது.

உண்மையில் ஒரு கம்ப்யூட்டருக்கு வயதாவது ஓடும் நேரத்தால்தான். உள்ளே இருக்கும் ஃபேன் ஓட ஓடத் தூசியை இழுத்துச் சேர்க்கும். பவர் சப்ளையில் இருக்கும் கப்பாசிட்டர்கள் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். மே மாதத்தில் ஜன்னல் சாத்திய அறையில் ராத்திரி முழுக்க ஓடும் சி.பி.யூ. எவ்வளவு சூடாக இருக்கும் என்று தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

இப்போது பில்லுக்கு வருவோம். சாதாரண டெஸ்க்டாப் ஒன்று எந்த வேலையும் செய்யாமல் சும்மா ஆனில் இருந்தாலே சுமார் 60 வாட் இழுக்கும். ஆளில்லாத அறையில் விடிய விடிய ஃபேன் ஓடுவது மாதிரிதான். எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை யூனிட். நமக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அப்படிப் பார்த்தால் 30 யூனிட் வரை போகிறது. கேமுக்காகப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷின் என்றால் இன்னும் அதிகம்.

30 யூனிட்தானே என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டே பேர் இருக்கும் சின்ன வீட்டில் 95-ல் நிற்க வேண்டிய ரீடிங் 125-க்குப் போனால், ஒன்றும் கட்ட வேண்டாத இடத்தில் பணம் கட்ட வேண்டிவரும். ஏ.சி. இருக்கும் வீட்டில் விஷயம் வேறு மாதிரி. அங்கே 500 யூனிட் என்ற கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால், கூடுதலான யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். கோடைக்கால ரீடிங்கில் 490-க்கும் 520-க்கும் நடுவே தவிக்கும் வீடுகள் எத்தனை! அங்கே இந்த 30 யூனிட் பெரிய விஷயம்தான்.

ஸ்க்ரீன் சேவர் ஓடினால் மின்சாரம் மிச்சமாகும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சமாகாது. பழைய டப்பா மானிட்டரில் ஒரே படம் நின்றால் திரையில் தழும்பு விழும் என்பதற்காக வந்தது அது. இன்றைக்கு அதற்கு அவசியமில்லை. திரை தானாக அணையும்படி செட்டிங் வைப்பதுதான் சரி. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-ல் எனர்ஜி ஸ்டார் முத்திரையைக் கொண்டுவந்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட பொருள்களே கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். சும்மா இருக்கும் நேரத்தில் குறைவாக இழுக்க வேண்டும் என்பதே நோக்கம். ஸ்லீப்பில் போட்ட டெஸ்க்டாப் இன்று இரண்டு மூன்று வாட்டோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் ஸ்லீப் போதாதா? பில்லை மட்டும் பார்த்தால் போதும். நான் ஷட் டவுன் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இடியும் மின்னலும்.

ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துப் பாருங்கள். சித்திரையில் சாயங்காலம் திடீரென்று கொட்டும் கோடை மழையையும் நினைத்துப் பாருங்கள். நாம் அசந்து தூங்கும்போது லைனில் ஒரு எழுச்சி வந்தால், ஆனில் இருப்பதும் ஸ்லீப்பில் இருப்பதும் ஒன்றுதான். சுவர் ஸ்விட்சை அணைத்தால்கூட முழுப் பாதுகாப்பு கிடையாது. அந்த ஸ்விட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது. இடி இடிக்கும் நாட்களில் பிளக்கையே உருவிவிடுங்கள். மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். அந்த வழியாக வரும் எழுச்சியில் மதர்போர்டு போன கதையை எந்த சர்வீஸ் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். முக்கியமான இன்னொன்று: இதையெல்லாம் மழை வருவதற்கு முன் செய்ய வேண்டும். தலைக்கு மேல் மின்னல் வெட்டும்போது பிளக்கில் கை வைக்காதீர்கள்.

யூ.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். நடுராத்திரி கரன்ட் போனால் அது கத்தும், வீடே விழிக்கும். யாரும் எழுந்திருக்காவிட்டால் பேட்டரி தீர்ந்து மெஷின் பட்டென்று நிற்கும். சேவ் செய்யாத பிள்ளையின் புராஜெக்ட், அப்பாவின் கணக்கு ஷீட் எல்லாம் போச்சு. அந்த பேட்டரியை ஒவ்வொரு முறையும் அடிவரை காலி செய்தால் அதன் ஆயுளும் குறையும்.

ஷட் டவுன் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதி அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். காலையில் அதையே எடுத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சி.பி.யூ. போய் 'அப் டைம்' பாருங்கள். தினமும் அணைக்கும் மெஷினிலேயே பல நாள் கணக்கு காட்டும். "அணைச்சு ஆன் பண்ணியும் ஸ்லோவாவே இருக்கு" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். முழுசாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்தான். வாரத்துக்கு ஒரு தடவையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

லேப்டாப்புக்கு வருகிறேன். திரை அணைந்த நிலையில் ராத்திரி முழுக்க ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு ஐந்து யூனிட் அளவுதான் ஆகும். ஸ்லீப்பில் அதுவும் இல்லை. வேலை நாட்களில் மூடி வைத்துவிட்டுப் படுப்பதில் தவறில்லை. ஆனால் மெத்தை மேலோ தலையணை மேலோ வைக்கவே வைக்காதீர்கள். காற்று போகும் துளைகள் அடைபட்டு சூடேறும். சார்ஜரையும் விடிய விடிய சொருகி வைக்க வேண்டாம். பேட்டரியை 80 சதவிகிதத்தில் நிறுத்தும் செட்டிங் பல லேப்டாப்களில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஊருக்குக் கிளம்பும்போது மட்டும் கட்டாயம் ஷட் டவுன். ஸ்லீப்பில் இருப்பது பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு கொதிக்கும்.

ராத்திரி ஓடியே ஆக வேண்டிய மெஷின்களும் உண்டு. வெளியூரிலிருந்து வீட்டு கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை பார்ப்பவர்கள், வீடியோ எடிட் செய்து ரெண்டர் போடுபவர்கள், சி.சி.டி.வி. பதிவு வைத்திருப்பவர்கள் அணைக்க முடியாது. அவர்கள் மானிட்டரையாவது அணைத்துவிட்டு, சுற்றிலும் காற்றோட்டம் விட்டு வைத்தால் நல்லது.

மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் இது. இன்று ராத்திரி எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு ஷட் டவுன் கொடுங்கள். அப்டேட் இருந்தால் 'அப்டேட் அண்டு ஷட் டவுன்' கொடுத்துவிட்டு, அது முடியும் வரை பொறுங்கள். சி.பி.யூ. நின்ற பிறகு ஸ்பீக்கர், பிரிண்டர், மானிட்டர் எல்லாம் சேர்ந்திருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அணையுங்கள். சும்மா ஒரு வாட் இழுக்கும் பொருள்கூட வருஷத்துக்கு ஒன்பது யூனிட் தின்கிறது.

அடுத்த ரீடிங் வந்ததும் பழைய பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்து, எத்தனை யூனிட் குறைந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்