ரெண்டு மொனிட்டருக்கு ஒரு புதுக் கொம்பியூட்டரா?

“இந்தப் பழசு ரெண்டு மொனிட்டர் தாங்காது தம்பி, புதுசா எடுங்க.” புத்தளம் டவுன்ல ஒரு கடையில எனக்குச் சொன்னது இது. என்னுடையது நாலாம் தலைமுறை ஐ5. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால விஜிஏ ஒன்று, எச்டிஎம்ஐ ஒன்று. ரெண்டிலயும் கேபிளைச் செருகி, விண்டோஸ் கீயோட பி அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ கொடுத்தேன். அவ்வளவுதான்! அந்தத் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸ் மூன்று திரை வரைக்கும் தாங்கும்.

2022இல் 200 ரூபா டொலர் 360ஐத் தாண்டிய பிறகு “புதுசா எடுங்க” என்பது சின்ன வார்த்தை இல்லை. வீட்டில் இருந்தே டிசைன் வேலை செய்து பிழைக்கப் பார்க்கும் கற்பிட்டிப் பிள்ளைக்கு அது பல மாத உழைப்பு.

ஒரு போர்ட்தான் இருக்கா? ஜிடி 710 மாதிரி ஒரு சின்ன கார்ட் போதும். 19 வோட்தான், பவர் சப்ளை மாற்றத் தேவையில்லை. கார்ட் போட்டதும் பழைய போர்ட் செத்துப்போனால் பயப்படாதீங்க, பயோஸில் ‘மல்டி மொனிட்டர்’ என்பதை ஒன் பண்ணிப் பாருங்க. பாவித்த கார்ட் என்றால் தங்க நிறப் பற்களில் பச்சை பிடிச்சிருக்கா என்று பார்த்தே வாங்கணும். உப்புக்காத்து நம்ம ஊர்ல எதையும் விடாது.

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் இலவச ஆதரவு முடிந்தது உண்மைதான். அதுக்கும் லினக்ஸ் மின்ட் இருக்கு, காசில்லாமல்.