நம் ஆவணம் நம் வீட்டில் இருக்கட்டும்



ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை திறந்தது முதல் உலகத்துக்கே கைபேசி செய்து கொடுத்த கைகளில் நம் கைகளும் உண்டு. ஆனால் நம் எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே? யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்பில். அந்தப் போன் தொலைந்தால் அதுவும் போச்சு.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, பதிவான புகாரின் நகலைப் புகார்தாரருக்கு உடனே கொடுப்பது அதிகாரியின் கடமை. போராடி வாங்கும் அந்தத் தாளைக் காப்பது நம் கடமை.

ஒரகடத்தில் நான்கு பேர் தங்கும் வாடகை அறையிலும் இதைச் செய்யலாம். வைஃபை ரூட்டரில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினியை லேன் கேபிளால் இணையுங்கள். ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து கடவுச்சொல் வையுங்கள். அதே வைஃபையில் இருப்பவர்கள், நெட்வொர்க் வசதியுள்ள ஃபைல் மேனேஜர் செயலியில் மடிக்கணினியின் ஐ.பி. எண்ணைக் கொடுத்துத் திறக்கலாம். இணையம் நின்றாலும் இது நிற்காது.

“கூகுள் டிரைவ் இருக்கிறதே” என்பார்கள். கணக்கு ஒருவர் பெயரில்தானே? அவர் விலகிப் போனால்?

எல்லோருக்கும் படிக்க மட்டும் அனுமதி. மாற்றவும் அழிக்கவும் இருவருக்கு மட்டும். பாதிக்கப்பட்டவரின் அந்தரங்க விவரங்களை இதில் போடாதீர்கள். இன்னொரு பிரதி பென்டிரைவில், வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியது, பொதுவானது எல்லோருக்கும் உரியது என்று நிறுவத்தான். நம் ஆவணமும் பொதுவானதே. அது ஒரு தலைவரின் சட்டைப்பைக்குள் முடங்கக் கூடாது.

ஜெய்பீம்.